பெயருக்கு விட்ட இடம்

என்னைக் கைபிடித்து பம்பாய்க்குக் கூட்டிவந்த என் செல்லம்மா அக்காவுக்கு,

உனக்கு எழுத்து தெரியாது. எனக்கும் பள்ளிக்கூடத்து எழுத்து இல்லை. கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகியதுதான். சங்கத்து மலரில் மறைந்தவர்களுக்கு எழுத ஆளுக்கு ஒரு பக்கம் என்றார்கள். எனக்கு ஒரு பக்கம் போதாது என்றேன். முறைத்தார்கள். பிறகு எழுதித் தொலையுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

தாராவியில் என்னைப் பற்றி ஒரு கதை நடமாடுகிறது. கூடப்பிறந்தவளை மிஷினுக்குக் கொடுத்துவிட்டவன் என்கிறார்கள். நான் யாரிடமும் போய் விளக்கம் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். உன்னிடம் பேசுகிறேன், பக்கத்தில் நிற்கிறவர்கள் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் செய்தி சொல்லிவிடுகிறேன். உன் சோற்றுக்கடையை இப்போது உன் கடைக்குட்டி வடிவுதான் நடத்துகிறாள். குழம்பில் புளி தூக்கல் என்று தோல் ஷாப்பு ஆட்கள் குறை சொல்கிறார்கள். சொல்லிக்கொண்டே மறுசோறு வாங்குகிறார்கள். உன் மகன் சுடலை அணுசக்தி நகரில் புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் ஒயர் இழுக்கிறான். மதராஸிகள் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று மராத்திக் கட்சிக்காரர்கள் கூட்டம் போடுகிறார்கள். நம் ஆட்களின் கடைகள் சிலவற்றில் கல் விழுந்தது. சவுண்டு செட் பரமசிவம் தமிழ்ப் பாட்டுப் போடும்போது ஹார்னைத் தெருவிலிருந்து வீட்டுப் பக்கம் திருப்பிவிடுகிறான்.

என் மிஷின் மாதுங்காவில் அதே அறையில்தான் இருக்கிறது. நீ ஒரே ஒரு முறை வந்த அறை.

படிக்கிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டுத் தட்டு என்றால் எல்லோருக்கும் கடையில் விற்பதுதான் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் யாராவது ஒருவர் உட்கார்ந்து அந்தப் பாட்டைத் தட்டில் வெட்டியாக வேண்டும். நான் மீசை முளைக்காமல் இங்கே வந்தபோது மெழுகில் வெட்டினார்கள். ஓட்டல் அறையில் ஒரு பெரிய குழாயை நிறுத்தி, பாடுகிறவரின் தலையைப் பிடித்து அதற்குள் தள்ளுவார்கள். மெழுகு சூடாறாமல் பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடுவது என் வேலை. பிறகு மைக் வந்தது. பிறகு மெழுகும் போய், அலுமினியத் தகட்டின்மேல் கறுப்பு லாக்கர் பூசிய தட்டு வந்தது.

கம்பெனிக்காரர்கள் அப்படி வெட்டிய தட்டுக்கு வெள்ளி பூசி, நிக்கல் தொட்டியில் அச்சு வளர்த்து, ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளுகிறார்கள். என்னிடம் தொட்டி கிடையாது. உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துப் போட்ட வெட்டும் மிஷின் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதைத் தூக்கிவந்து, பிரித்து, பூட்டி, மறுபடி பிரித்துக் கற்றுக்கொண்டேன். எவனும் சொல்லித்தரவில்லை. நான் வெட்டினால் ஒரு பாட்டுக்கு ஒரு தட்டுதான். லாக்கர் மெத்தென்று இருக்கும். ஊசி ஓடும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்.

மாதுங்காக்காரர்கள் பிள்ளைகளைப் பாடவைத்து வெட்டிக்கொண்டு போய்ப் பாலக்காட்டில் இருக்கும் தாத்தாவுக்கு அனுப்புவார்கள். அதுதான் என் பிழைப்பு. நீ அதைக் கேள்விப்பட்டுத்தான் ஒருநாள் சோறு போடும்போது ஆரம்பித்தாய்.

“ஏலே தொர, எம் பாட்டயும் ஒரு பிளேட்டுல போட்டுக் குடு.”

“எந்தப் பாட்ட? ஒப்பாரியவா? கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?”

“எனக்கென்னலே கோட்டி? முந்தாநாளு ஒருத்தன் போனான். பொண்டாட்டி ஊர்ல, ஆத்தா ஊர்ல. ஒரு பொம்பளக் கொரலு கெடையாது. தூக்கிட்டுப் போறதப் பாத்தா கட்டில ரூம் மாத்துதாவன்னுல்லா இருக்கு. நான் அன்னைக்கு காய்கறிக்குப் போயிட்டேன். எல்லா எழவுக்கும் நான் ஒருத்தி ஓட முடியுமா?”

உன் கையால் சாப்பிட்டவன் எவனும் அழ ஆளில்லாமல் போகக்கூடாது என்பது உன் சட்டம். யாரும் உன்னைக் கேட்கவில்லை. நீயாகப் போட்டுக்கொண்டது. அதற்கு ஒரு வழியும் நீயே கண்டுபிடித்து வைத்திருந்தாய்.

“பேரு வார எடத்துல நான் வாய மூடிக்கிடுதேன். கூட இருக்கவன் எவனாவது செத்தவன் பேரச் சொல்லிக் கூப்புடட்டும். அப்பமாவது அந்தப் பயலுவ வாயத் தொறந்து அழுவானுவல்லா.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாதுங்காவுக்கு வந்தாய். கையில் மாற்றுச் சேலைப் பை. சாவு வீட்டுக்குப் போனால் பாடி முடித்துக் குளித்து, சேலை மாற்றிக்கொண்டுதான் நீ வீடு திரும்புவாய். இது சாவு வீடு இல்லையே என்று நான் கேட்டேன். பழக்க தோஷம் என்றாய்.

மைக்கை உன் முன்னால் வைத்தேன். நீ வாயைத் திறந்தாய், மூடினாய்.

“எதுக்க ஆளு கெடக்காம வரமாட்டேங்குலே. நீ செத்த படு.”

“நான் படுத்துட்டா மிஷின யாரு பாப்பா? ஒன் ஆத்தாளா?”

“ஒனக்கும் அவதாம்லே ஆத்தா. நெனப்பு இருக்கட்டும்.”

பிறகு பையைத் திறந்து அந்த மாற்றுச் சேலையை எடுத்தாய். பெஞ்சின்மேல் நீளவாக்கில் விரித்தாய். தலைமாட்டில் கொஞ்சம் சுருட்டி உயர்த்தினாய். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ போர்த்திக்கொண்டு படுத்திருப்பதுபோல் இருந்தது.

“அக்கா, அது ஒன் சேலைல்லா?”

“பொறவு? ஒம் வேட்டியவா விரிக்கச் சொல்லுத?”

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த அறையில் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

லோக்கல் ரயில் போய் தரை அடங்கும்வரை காத்திருந்தேன். வெட்டும் ஊசியை இறக்கினேன். தட்டிலிருந்து கறுப்பு நூல் சுருள் சுருளாக எழும்ப ஆரம்பித்தது. அதைத் தூரிகையால் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நீ பாடினாய்.

“எட்டு மணிச் சங்கூத எழுந்து போன ராசா, சோத்துத் தட்டு காஞ்சிருக்கே, சொல்லாமப் போனதென்ன…”

பெயர் வரும் இடத்தில் நான் கையை உயர்த்துவேன், நீ நிறுத்துவாய். நீ நிறுத்தினாலும் நூல் நிற்காது. மிஷினுக்கு மௌனமும் வெட்டவேண்டிய பொருள்தான். பாட்டின் கடைசியிலும் ஓர் இடைவெளி விட்டாய், மற்றவற்றைவிட நீளமாக. அதற்குப் பிறகு பாட்டு இல்லை. செத்தவனைக் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டு அனுப்பிவிட வேண்டும் என்றாய். அந்த இடைவெளியில் சேலையைப் பார்த்தபடி இருந்த உன் உதடு அசைந்தது. நான் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வேன்.

முடிந்ததும் சேலையைக் கையில் எடுத்தாய். பிணத்துக்குப் பதிலாகக் கிடந்ததை எப்படி உடுத்துவது? சுருட்டிப் பைக்குள் போட்டாய். அறையில் குளிக்கத் தண்ணீரும் இல்லை. செத்தவரே இல்லாத இடத்தில் தீட்டு ஏது என்று நீ சொன்னாய். நானும் சரிதான் என்றேன். குளிக்காமல், மாற்றாமல், ஒப்பாரி பாடிய சேலையோடேயே பஸ் ஏறிப் போய் அன்று ராத்திரிக்குச் சோறு வடித்தாய்.

மழை பிடித்த பிறகு தோல் ஷாப்பு இசக்கி செத்தான். நீயும் அங்கே இருந்தாய். ஆனாலும் பிளேட்டுதான் பாட வேண்டும், பார்க்கலாம் என்று பிடிவாதம் பிடித்தாய். பரமசிவம் ஹார்னை அறைக்குள் திருப்பி வைத்தான். இசக்கியோடு ஒரே பாயில் படுத்தவன் ஒவ்வோர் இடைவெளியிலும் “இசக்கீ” என்று கத்தினான். கடைசி இடைவெளியில் அவனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. அங்கேதான் ஹார்னிலிருந்து ஒரு பெயர் வந்தது.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரமசிவத்துக்குக் கேட்டது ஊரில் நல்லபடியாக இருக்கும் அவன் பெண்டாட்டியின் பெயர். இசக்கியின் கூட்டாளிக்குக் கேட்டது அவனுடைய பெயரே. வாசலில் நின்ற ஒருத்தி தன் மகன் பெயரைக் கேட்டு வீட்டுக்கு ஓடினாள். உனக்கு என்ன கேட்டது? அதை நீ யாரிடமும் சொல்லவில்லை. “சோறு திங்கக் கூப்புட்டு கூப்புட்டு எங் கொரலுக்கு எல்லாவன் பேரும் மனப்பாடம்லா” என்று சிரித்துவிட்டுப் போனாய்.

அந்த வாரமே காய்ச்சலில் படுத்தாய். எழுந்திருக்கவில்லை.

என்னிடம் வந்து கேட்டவர்களுக்கு நான் சொன்னது ஒன்றுதான். உன் குரல் பெரிய குரல். தட்டு கிடைப்பது அரிது என்பதால் நான் கோடுகளை நெருக்கி வெட்டியிருந்தேன். ஒரு கோட்டை வெட்டும்போது முந்தின கோட்டின் சுவர் லேசாக நெளியும். அதனால் இனிமேல் பாடப்போவது ஒரு சுற்றுக்கு முன்னாலேயே மெல்லக் கேட்டுவிடும். தட்டு வெட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். பாடுவதற்கு முன்பே பாட்டின் நிழல் விழும், அவ்வளவுதான். பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

ஆனால் அக்கா, அந்தக் கடைசி இடைவெளிக்கு அடுத்தாற்போல் பாட்டே இல்லையே. பிறகு எதன் நிழல் அங்கே விழுந்தது? அதை யாரும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு யாருக்கும் விவரம் இல்லை. நானும் சொல்லவில்லை.

நீ கிடந்த அன்று பிறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கொண்டு வந்தேன். அக்காளுக்குத் தம்பி போடும் கடைசிச் சேலை. அது விழாமல் ஒருத்தியைத் தூக்கமாட்டார்கள். சுடலை வாசலில் கையை நீட்டி மறித்தான்.

“எங்கம்மா மேல ஒங்க கோடி வேண்டாம் மாமா. தனக்குத்தானே ஒப்பாரி வைக்க வச்சிட்டீயள்லா. கொண்டு போயி ஒங்க மிஷினுக்குப் போத்துங்க.”

அவன் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தேன். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி பாட்டெடுத்தாள், இரண்டாவது வரியிலேயே விட்டுவிட்டாள். உனக்கு முன்னால் பாட அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். தாராவியில் எத்தனையோ பேருக்கு அழுதவள், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போனாய். கோடியும் வேறு யாரோ வாங்கிவந்து போட்டார்கள்.

நான் அவன் சொன்னபடியே செய்தேன். அந்தச் சேலையை மாதுங்காவுக்குக் கொண்டுபோய் மிஷின்மேல் போர்த்தினேன். வேலை வந்தால் எடுத்து மடித்து வைப்பேன், முடிந்ததும் போர்த்துவேன். பேத்தியைப் பாட அழைத்துவந்த ஒரு மாமி கேட்டாள், “என்னப்பா துரைப்பாண்டி, மிஷினுக்கு மடிப்புடவையா? தொட்டா நாங்க ஸ்நானம் பண்ணணுமோ?” ஆமாம் மாமி, தொடாதீர்கள் என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு பேத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

உன் தட்டைப் பரமசிவம் திருப்பிக் கொடுத்துவிட்டான். இது என் கடையில கெடக்க வேண்டாம் அண்ணாச்சி என்றான். நான் ஒரே ஒரு முறை, பட்டப்பகலில், அதைச் சுழலவிட்டேன். பாட்டு முழுக்க வந்தது. கடைசி இடைவெளி வந்தது. மூச்சு இழுக்கிற சத்தம், பிறகு தொலைவில், அடுப்படியிலிருந்து கூப்பிடுவதுபோல, “ஏலே தொர.”

கோடுகள் நெருக்கம், அதனால்தான் என்று எனக்கு நானே சத்தமாகச் சொன்னேன். ஊசியை எடுத்தேன். தட்டை உறையில் போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். நகல் எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டார்கள். எடுப்பதற்கும் அதை ஒருமுறை ஓட்ட வேண்டும். நான் மறுத்துவிட்டேன்.

வடிவுக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது அக்கா. சுனாபட்டிப் பையன். நல்ல மாதிரி. சுடலை ஆள் அனுப்பினான், நேரில் வரவில்லை. வந்தவர் பக்குவமாகத்தான் பேசினார். நீ போய் வருஷம் திரும்பும் முன் அந்தத் தட்டை எல்லோர் முன்னாலும் உடைத்துக் கடலில் போட்டுவிட வேண்டுமாம். மாப்பிள்ளை வீட்டாரும் பயப்படுகிறார்களாம். உடைத்தால் தாய்மாமன் மணமேடைக்கு வரலாம், சீர் செய்யலாம். இல்லையென்றால் மாமன் இல்லாமலே தாலி ஏறும்.

வடிவு பிறந்தபோது காதுகுத்துக்கு அவளை மடியில் வைத்தவன் நான். உன் குரல் என்று உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரு தட்டு. இதைக் கொடு, அதைத் தருகிறேன் என்றால் நான் எதைக் கொடுப்பேன்? முடியாது என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டினாள் வடிவு. கடையை மூடிவிட்டு வந்திருக்கிறாள், கையில் இன்னும் மஞ்சள் கறை.

“பிளேட்ட எடுங்க மாமா. ஜல்தி. அண்ணன் சாய்ந்தரம் வந்துருவான்.”

“ஒடைக்க வந்தியா?”

“கேக்க வந்தேன். எங்கம்மா கொரல ஊரே கேட்டாச்சு. நான் அன்னைக்கு அடுப்புக்கிட்ட நின்னேன். நான் மட்டும் கேக்கல.”

“ஓட்டுனா தேயும்.”

“பூட்டி வச்சிருந்தா எனக்கு என்ன ஃபாய்தா மாமா? நீங்களும் கேக்க மாட்டீங்க, எனக்கும் போட மாட்டீங்க. அண்ணன் ஒரேடியா ஒடைக்கணும்ங்கான். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லுங்க.”

உன் மகள் அல்லவா. மிஷின்மேல் கிடந்த சேலையை அவள் பார்த்தாள். தட்டை எடுத்தேன். புது ஊசி மாட்டினேன். ரயில் போகட்டும் என்று நின்றேன்.

உன் குரல் வந்ததும் அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நீ சேலை விரித்த அதே பெஞ்சு. அவளுக்கு அது தெரியாது. முதல் இடைவெளி வந்தது. நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. “அம்மா” என்றாள், சின்னதாக. நீ அடுத்த வரியை எடுத்தாய், அவளுக்குப் பதில் சொல்வதுபோல. அடுத்த இடைவெளியில் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். உன் சாவில் அவள் அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள் என்று கேள்வி. இப்போது கன்னம் முழுக்க நனைந்திருந்தது.

கடைசி இடைவெளி. “யம்மா! ஏ செல்லம்மா!” என்று சோற்றுக்கடை ஆட்கள் கூப்பிடுவதுபோல் உன் பெயரையே சொல்லிக் கூப்பிட்டாள். அந்தச் சத்தம் சுவரில் பட்டு அடங்கியது. இடைவெளி இன்னும் மிச்சம் இருந்தது, ஊசி ஓடிக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. ஊசியின் உராய்வு மட்டும்தான். தட்டு ஓடி முடிந்தது.

“எல்லாரும் என்னமோ கேக்கும்னு சொன்னாங்களே மாமா. ஒண்ணும் இல்லியே.”

“அதத்தான் நான் முதல்லேருந்து சொல்லுதேன்” என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அண்ணன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். தாய்மாமன் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகாம நான் மேடைக்கு வரமாட்டேன். சும்மா சொல்லல, சச்சி. நீங்க அந்தப் பழைய சட்டையப் போட்டுட்டு வந்துராதிய.”

அவள் போன பிறகு கடைசிக் கோடுகளில் மறுபடி ஊசியை வைத்தேன். இன்னொரு முறையும் வைத்தேன். கல்லுப்போல் அமைதி. மூச்சு இழுக்கும் சத்தம்கூட இல்லை. வெட்டிய கோட்டில் விழுந்த ஒன்று ஒருநாள் ஓட்டத்தில் அழியாது அக்கா. பாட்டு அப்படியே இருக்க, அந்த இடம் மட்டும் எப்படித் துடைத்துவைத்ததுபோல் ஆகும்? புது ஊசி என்பதால் இருக்கும். கரண்டு அன்று கொஞ்சம் கம்மி. அப்படித்தான் நான் சொல்வேன், கேட்கிறவர்களிடமும் சொல்வேன்.

நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. ஆனால் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. நீ ஒருத்திதான் என்னை அப்படிக் கூப்பிடுவாய். இனி யார் கூப்பிடுவார்கள்? பூட்டிவைத்த பெட்டிக்குள் அது இருக்கிறது என்ற தெம்பில்தான் இத்தனை மாதம் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறேன். அது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வடிவு கூப்பிட்டதும் நீ அவள் பக்கம் திரும்பிவிட்டாயா?

சரி, போகட்டும். கல்யாணத்துக்கு வருகிறேன். சுடலை மறித்தால் வாசலிலேயே நிற்பேன். அவன் கை வலித்து இறக்கும்வரை நிற்பேன். அவனிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன், அவன் கேட்க வேண்டும் என்றும் இல்லை. தட்டை உடைக்க மாட்டேன்.

பூட்டியும் வைக்க மாட்டேன். பரமசிவத்திடம் சொல்லிவிட்டேன். உன் கடையில் சாப்பிட்டவன் எவன் தனியாகப் போனாலும் எனக்குச் சொல்லி அனுப்பு, தட்டை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று. அவன் பயந்தால் ஊசியை நான் வைப்பேன். கூட இருப்பவனுக்குத் தொண்டை அடைத்தால் பெயரை நான் கூப்பிடுவேன். ஒவ்வொரு சாவுக்கும் உன் குரல் கொஞ்சம் மங்கும், இரைச்சல் ஏறும், ஒருநாள் இரைச்சல்தான் மிஞ்சும். அன்றைக்கும் அந்த இடங்களில் கையை உயர்த்தி, செத்தவன் பெயரை உரக்கச் சொல்வேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

நீ சோறு போட்டு வளர்த்த உன் கூடப்பிறந்தவன்,
தொர